மூன்றாவது தலைக்கு ஒரு பத்திரிகை

கள்ளக்குறிச்சியில் நான் பத்திரிகை அடிக்கிறவன். செய்திப் பத்திரிகை இல்லை, விசேஷப் பத்திரிகை. கல்யாணம், காதணி, மஞ்சள் நீர், புதுமனை புகுவிழா, கருமாதி என்று மனுஷர்கள் மனுஷர்களைக் கூப்பிடுகிற எல்லாவற்றுக்கும் அடித்துக் கொடுக்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில் ஒன்று தெரிந்துகொண்டேன். பத்திரிகையை எடுத்தவுடன் யாரும் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதில்லை. தன் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பெரியப்பாவுக்கு மேல் சித்தப்பா ஏறிவிட்டால் கல்யாணம் நடக்கும், ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் பாதி இலை காலியாக இருக்கும்.

வாட்ஸ்அப் வந்த பிறகு தொழில் கொஞ்சம் படுத்தது. அதனால் கடையில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். 'போனில் வருவது தகவல். தட்டில் வருவதே அழைப்பு.' வருகிறவர்களிடம் அதைக் காட்டி ஒரு பிரசங்கமும் செய்வேன். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் நின்று கூப்பிடுகிற மரியாதை போனில் வருமா என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்நூறு பத்திரிகைக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த போர்டு ஒருநாள் எனக்கே ஆப்பு வைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நானே டைப் செய்து நானே அடித்தேன். ஊருக்கெல்லாம் அடிக்கிறவன் தன் வீட்டுப் பத்திரிகையை எப்படி அடிப்பான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தங்க எழுத்து, உள்ளே மெல்லிய தாள், அட்டையில் புடைத்த பிள்ளையார். எல்லாம் இருந்தது. தாய்மாமன் வரி மட்டும் இல்லை.

தாய்மாமன் என்றால் என் மனைவியின் தம்பி. அவளுக்கு ஒரே தம்பி. வடக்கனந்தல்தான் சொந்த ஊர், வேலை மலைமேல் வெள்ளிமலையில், கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மற்ற வீடுகளுக்கு டைப் செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வரியில் தாய்மாமனைப் போடுகிறவன் நான். பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மச்சான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். திருப்பி ஒரு முறை படித்தான். மடித்துத் தட்டிலேயே வைத்து, "நல்லா இருக்கு மாமா" என்றான். விழாவுக்கு வரவில்லை. அதோடு என்னிடம் பேச்சும் நின்றது.

நான் காரணம் சொன்னேன். பழைய ஃபைலைப் புது எழுத்துருவுக்கு மாற்றும்போது கம்ப்யூட்டர் ஒரு வரியைத் தின்றுவிட்டது என்று. எங்கள் தொழிலில் அது நடக்கிற விஷயம்தான். கேட்டவர்கள் எல்லாம் நம்பினார்கள். ஆறு மாதம் போனபிறகு எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இரண்டு வருஷம் ஓடியது. இதில் மாட்டிக்கொண்டது என் மகளின் காது. அவளுக்கு மூன்று வயதில் காது குத்த நாள் பார்த்தோம், பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. அப்புறம் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் இந்தச் சண்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மடியைக் கடன் வாங்கவும் முடியாது, வேறு ஆளைப் போட்டு ஒப்பேற்றவும் முடியாது. ஒன்பது வயதில் அவள் வகுப்பிலேயே வெறும் காதோடு இருக்கிற ஒரே பெண் அவள்தான். பள்ளி ஆண்டு விழாவில் பரதம் ஆடுவதற்குத் தோட்டைப் பசை போட்டு ஒட்டினார்கள். பாதி ஆட்டத்தில் ஒன்று விழுந்துவிட்டது. என் மனைவி அன்று வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "என் தம்பி மடி இல்லாம என் பொண்ணு காதுல ஊசி ஏறாதுங்க. நீங்க போய்க் கூப்டாதான் அவன் வருவான்."

நான் போகவில்லை. கம்ப்யூட்டர் செய்த தப்புக்கு நான் எதற்குப் போய்த் தலைகுனிய வேண்டும்?

இதற்கு நடுவில்தான் அந்த விளையாட்டு வந்தது. மனைவியின் போனில் மகள் விளையாடுகிற விளையாட்டு. சதுரம் சதுரமான கட்டிகளை அடுக்கி வீடு, தெரு, மலை எதை வேண்டுமானாலும் கட்டலாம். அதில் கிரியேட்டிவ் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் பசிக்காது, சாக மாட்டோம், நினைத்தால் பறக்கலாம், செங்கல், மணல், ஜல்லி எதுவும் தீராது. சமீபத்தில் வீடு கட்டிய எவனிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், அழுதுவிடுவான்.

மகள் எங்கள் வீட்டை அப்படியே கட்டியிருந்தாள். படிக்கட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, குறுகலான வாசல்படி எல்லாம் அளவெடுத்த மாதிரி. கொஞ்ச தூரத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. பின்னால் மலை. வீட்டுக்குப் பக்கத்தில் வேலி போட்ட ஒரு பட்டி, அதில் பதினைந்து இருபது ஆடு.

"நம்ம வூட்ல ஏதுடி ஆடு?"

"அது மாமா கட்னது. லீவுக்கு ஆயா வூட்டுக்குப் போனா மாமாவும் வருவாருல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுவோம்."

என்னோடு பேசாதவன், என் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காதவன், அந்த விளையாட்டில் என் வீட்டை ஒட்டி இடம் பிடித்துப் பட்டி போட்டிருக்கிறான். கோபமாகத்தான் வந்தது. வேலியைத் திறந்துவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். திறப்பது எப்படி என்று தெரியாததால் ஆடுகள் தப்பின.

ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்த மகள், அந்த விளையாட்டில் ஒரு பெரிய அசுரன் இருக்கிறான் என்றாள். தானாக வர மாட்டான். நாம்தான் எழுப்ப வேண்டும். பேய் மணல் கட்டி நான்கு எடுத்து, ஒன்று கீழே, மூன்று மேலே என்று கைவிரித்து நிற்கிற ஆள் மாதிரி அடுக்க வேண்டும். அதன்மேல் மூன்று மண்டை ஓடு வைக்க வேண்டும். மூன்றாவது தலை உட்கார்ந்த நிமிஷம் அதற்கு உயிர் வந்துவிடும்.

"சரி, வையேன்."

"நான் எப்படி வெக்கறது? மூணாவது தலைய மாமா வெச்சாதான் முறை."

"ஏன், நான் வெச்சா எழுந்துக்காதா?"

"நீ அப்பா. நீ கூப்டணும். மாமாதான் செய்யணும்." அவள் சிரிக்காமல் சொன்னாள். வீட்டில் இரண்டு வருஷமாக நாங்கள் பேசியது எல்லாம் அந்தக் குத்தாத காதில் விழுந்திருக்கிறது. "பத்திரிகை அடிச்சுக் குடுப்பா. ஒண்ணே ஒண்ணு போதும்."

விளையாட்டுக்குத்தானே என்று உட்கார்ந்தேன். ஆனால் கை தொழில்காரன் கை. 'மூன்று தலை அசுரனை எழுப்பும் விழா அழைப்பிதழ்' என்று மேலே போட்டேன். இடம், எங்கள் இல்லத்து வாசல் என்றாள். விசேஷம் என்றால் வாசலில்தானே பந்தல், இதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. நேரம் என்ன போடுவது என்று குழம்பிப்போனேன். அசுரனுக்கு நல்ல நேரமா, ராகு காலமா? புரூஃப் பார்க்கிற மேஜையிலிருந்து என் மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்கு எமகண்டம் பொறக்குது. அதுக்குள்ள முடிச்சிடுங்க." எங்கள் கடையில் அடிக்கும் முன் மாதிரித் தாளில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துவது அவள்தான். அவள் டிக் போடாமல் எதுவும் மெஷினுக்குப் போகாது.

மூன்றாவது வரியில் தாய்மாமன் பெயரை அடித்தேன். விரல் தயங்கத்தான் செய்தது. ஊர் அறிய நடத்திய விழாவில் இல்லாத பெயர், மூன்று தலை அசுரனுக்கு வந்து சேர்ந்தது. மனைவி வாங்கிப் படித்தாள். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். சிவப்புப் பேனாவால் டிக் போட்டுக் கொடுத்தாள்.

மகள் அதை ஒரு படம் பிடித்து மாமனுக்கு அனுப்பினாள். அரைமணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. கடையில் இரண்டு வாடிக்கையாளர் நிற்கும்போதே அவள் அதைச் சத்தமாகப் போட்டாள்.

"கண்ணு, பத்திரிகை சோக்கா இருக்கு. ஆனா உங்க அப்பா கடையில ஒரு போர்டு மாட்டிக்கினு இருக்காரே, அதுல இன்னா எழுதி இருக்குன்னு படிச்சுப் பாரு. போன்ல வந்தது தகவல். தகவல் கெடச்சுதுன்னு சொல்லிடு."

வாடிக்கையாளர் இருவரும் போர்டைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி மட்டும் பார்க்கவில்லை, புரூஃபையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக் கடையில் மாட்டிய சொந்த போர்டை எதிர்த்து வாதம் செய்ய எனக்கு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்தேன். பின்னால் மகள், கையில் அவள் அம்மாவின் போன், மடியில் ஒரு பை. பைக்குள் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், பூ, நடுவில் அசுரன் பத்திரிகை. வடக்கனந்தல், கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி மலை ஏறினோம். வழியில் தெரிந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னா, தட்டோட கிளம்பிட்டீங்க, பொண்ணுக்குக் காது குத்தா?" என்றார். "இல்லிங்க, வேற ஒரு விசேஷம்" என்றேன். என்ன விசேஷம் என்று அவர் கேட்பதற்குள் கியரை மாற்றிவிட்டேன்.

வெள்ளிமலையில் மச்சான் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தான். நாங்கள் போனபோது வாசலில் மலைக்காரர் ஒருவர் வயிறு உப்பிய ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் அதற்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆட்டுக்கு ஒரு ஊசியும் போட்டு, ஊசியைக் கழுவி, கையைக் கழுவி, துண்டில் துடைத்து, ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தான். நான் தட்டோடு நின்றேன். ஆட்டுக்காரர் என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க அங்கேயே நின்றுவிட்டார்.

தட்டை நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரில் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே வாக்கியத்தைச் சொன்னேன். "வூட்ல விசேஷம் வெச்சிருக்கோம். நீங்க இருந்து நடத்திக் குடுக்கணும்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பத்திரிகையை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தான். மூன்றாவது வரியில் நின்றான். கடைசி வரை படித்து மடித்து, இந்த முறை தட்டில் வைக்கவில்லை, சட்டைப்பையில் வைத்தான். "வா கண்ணு, எமகண்டத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று மகளைக் கூப்பிட்டான்.

அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவன் உட்கார்ந்தான், மகள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தான், இரண்டு போனும் ஒரே உலகத்துக்குள் போயின. எங்கள் வீடு வந்தது. வாசலுக்கு நேரே பேய் மணலை அடுக்கினாள். முதல் தலை வைத்தாள், இரண்டாவது தலை வைத்தாள். "மாமா, நீ வை" என்றாள்.

மச்சானின் கட்டைவிரல் திரைக்கு மேல் நின்றது. என்னைப் பார்க்காமலே கேட்டான். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

"இந்தப் பத்திரிகையில ஏறுன வரி அதுல எங்க போச்சு?"

"அதான் சொன்னேனே, கம்ப்யூட்டர்…"

"அக்காவும் அதத்தான் சொல்லுச்சு. நான் உங்கள கேக்கறேன்."

விரல் இறங்கவில்லை. இரண்டு தலையோடு அந்த மணல் பொம்மை என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். காதில் ஒன்றும் இல்லாமல் அந்த முகம் அன்று எனக்குக் கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தது. பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தேன், இரண்டு வருஷம் பழகிய பொய். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"நிலை வெச்ச அன்னிக்கு நீ கொத்தனாருங்க முன்னாடி சொன்னியே, இந்த வாசப்படியில மாடு கூட நொழையாதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்குத்தான்."

சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருந்தது என்று எனக்குக் கேட்டது. ஒரு சிரிப்புக்கு இரண்டு வருஷம். அதிலும் அவன் சொன்னது உண்மை. கிரகப்பிரவேசத்தன்று முதலில் பசுவும் கன்றும்தான் வீட்டுக்குள் போகவேண்டும். வாசலுக்கு வந்த பசு, படியைப் பார்த்து நின்றுவிட்டது. முன்னால் இழுத்தோம், பின்னால் தள்ளினோம். மாட்டின் சுபாவம் தெரிந்த ஒரே ஆள் பத்திரிகையில் இல்லாததால் பந்தலிலும் இல்லை. கடைசியில் கன்றை மட்டும் உள்ளே கொண்டுபோய், பசுவுக்கு வாசலிலேயே தீபாராதனை காட்டி முடித்தோம்.

மச்சான் விரலை இறக்கினான்.

மூன்றாவது தலை உட்கார்ந்தது. மணல் கறுத்துப் போய், மூன்று தலையும் அசைந்து, அது மெல்ல உப்பிக்கொண்டே வந்தது. அப்புறம் வெடித்தது. புகை விலகிப் பார்த்தால் எங்கள் வீட்டு முன்சுவரைக் காணோம். நிலை, வாசல்படி, ஜன்னல் எல்லாம் போய், வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

மச்சான் குனிந்து பார்த்தான். "இப்ப பசு தாராளமா நொழையும் மாமா" என்றான்.

அந்த 'மாமா'வைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. வாசலில் நின்ற ஆட்டுக்காரர் எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

அசுரன் சிரிக்கவில்லை. அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கிரியேட்டிவ் மோடில் எழுப்பியவனை அது ஒன்றும் செய்யாதாம். பட்டியில் இருந்த ஆடுகளைப் பார்த்து நேராகப் போனது. தலை தலையாக எறிந்து ஒவ்வொன்றாகச் சாய்த்தது. "ஐயோ, ஆடு" என்று மச்சான் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆடு தீர்ந்ததும் மீதி வீடு, அப்புறம் மூங்கில்துறைப்பட்டுப் புகைபோக்கி. சண்டை போட்ட நாங்கள் இரண்டு பேரும் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். அடி வாங்கியது ஆடுகளும் வீடும். எனக்கு என் மகளின் காது ஞாபகத்துக்கு வந்தது.

"இத எப்படிடி திருப்பி அனுப்பறது?"

"செட்டிங்ல பீஸ்ஃபுல்னு ஒண்ணு இருக்குப்பா. அத தொட்டா போயிடும்."

"அப்ப மொதல்லயே தொட்டிருக்கலாம்ல?"

"நீங்க யாரும் கேக்கலியே." தொட்டாள். அசுரன் காணாமல் போனான். மணி பதினொன்றே முக்கால், எமகண்டத்துக்கு முன்னால்தான் முடித்திருந்தோம்.

கிளம்பும்போது தட்டைத் திருப்பிக் கொடுத்தான். வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டில் வாங்கிய சாமை அரிசியை அதில் கொட்டிக் கொடுத்தான். காது குத்த எந்த மாசம் என்று நான் கேட்டேன். தை பொறக்கட்டும் என்றான். மகள் தன் காதைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குமா மாமா?" என்றாள். ஆட்டுக்குப் போடுகிற ஊசியைக் காட்டி, இதைவிடச் சின்ன ஊசிதான் என்றான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், மனைவியிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மலையிலிருந்து இறங்குகிற வளைவு ஒவ்வொன்றிலும் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே வந்தேன். அவள் சாமை அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அந்த வரியைத் தின்றது கம்ப்யூட்டர் இல்லை, நான்தான் என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். கூறைப் புடவையின் மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

எங்கள் புதுமனைப் பத்திரிகையின் முதல் புரூஃப். மூன்றாவது வரியில் அவள் தம்பி பெயர் இருந்தது. பக்கத்தில் அவளுடைய சிவப்பு டிக்.

அவள் டிக் போடாமல் எதுவும் மெஷினுக்குப் போகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். இரண்டு வருஷமாக அது எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

"அப்பவே தெரியுமா?"

"நான் பாத்து டிக் போட்ட வரி அடிச்சு வரும்போது இல்லன்னா, வேற யாரு எடுத்திருப்பாங்க?"

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லணும்னுதான். அவன் என்கிட்ட கேட்டான். கம்ப்யூட்டர்தான்டான்னு சொன்னேன். உங்க மானம் போயிடக் கூடாதுன்னு என் ஒரே தம்பிகிட்ட பொய் சொன்னேங்க. அப்புறம் அவன் எங்கிட்ட வேற எதுவும் கேக்கறதே இல்ல."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். தாள் மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தது. ஒரு புடவையிலிருந்து இன்னொரு புடவைக்கு மாற்றி மாற்றி வைத்திருப்பாள்.

அவள் முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "காதணிப் பத்திரிகைக்கு அதையே பாத்து டைப் பண்ணுங்க" என்றாள். "மூணாவது வரி. இந்தத் தடவ அடிச்சு முடிச்ச அப்புறமும் நான் ஒருக்கா பாக்கறேன்."